பானெட்டில் மூன்று கோடு

1

முப்பத்தெட்டு லட்சம்.

ஒரு பொருளுக்கு விலையே கிடையாது என்று யாராவது சொன்னால், அவர் மனதில் ஒரு விலை வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை நம் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். பஞ்சவர்ணம் அம்மாளுக்கு அந்தப் பொறுமை இல்லை. மைசூர் சரஸ்வதிபுரத்தில், தன் வீட்டு ஷெட்டில் நின்ற இரண்டு சீட்டுப் பச்சைக் காரைக் காட்டி, "இதுக்கு விலையே இல்லைங்க, முப்பத்தெட்டு லட்சம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் வினிதா. பழைய கார்களின் பெயின்ட்டைப் பார்த்து, அது கம்பெனியில் அடித்ததா, பிற்பாடு எவனாவது அடித்ததா என்று எழுதிக் கொடுப்பவள். இப்படியும் ஒரு தொழிலா என்று கேட்காதீர்கள். பழசுக்குப் புதுசைவிட அதிகம் கொடுக்க ஆள் இருக்கும்வரை இருக்கும். ஒரு மசால் தோசைக்கும் ஒரு காபிக்கும் கதையைக் கொடுத்தாள். மலிவு என்று வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, முடிவை என்னால் எழுத முடியவில்லை என்று. சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டாள். ஆகவே உங்களிடம் தள்ளப் பார்க்கிறேன்.

2

முதல் வரியை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்.

"சாமுண்டி மலையில் மேகம் கவிந்திருந்த ஒரு காலைப்பொழுதில், அந்தப் பச்சைக் கார்—" வேண்டாம். மேகத்துக்கும் காருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

"கரியப்பன் இறந்து மூன்று வருடமாகியும் அவருடைய விரல்கள் மட்டும்—" இதுவும் வேண்டாம். கடைக்குள் கால் வைக்கும் முன்பே கண்ணைக் கசக்கச் சொன்னால் வாடிக்கையாளர் உஷாராகிவிடுவார்.

விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கரியப்பன், பஞ்சவர்ணத்தின் கணவர். கொள்ளேகாலத்தில் பட்டு நூற்பு வைத்திருந்து, பிறகு மைசூருக்குக் குடிவந்தவர். 1984இல் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து இந்தக் காரை வாங்கினார். அப்போதே அதற்கு வயது இருபத்தைந்துக்கு மேல். ஓட்டியது குறைவு, துடைத்தது அதிகம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் விபூதியைக் குழைத்துப் பானெட்டின் நடுவில் மூன்று விரலால் இழுப்பார். கீழே ஒரு குங்குமப் பொட்டு. ஒரு வாரம் யாரையும் அதைத் தொட விடமாட்டார்.

[காரின் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அந்த மாடலில் அந்தப் பச்சையே கிடையாது என்று உங்களில் ஒருவர் எனக்குக் கடிதம் போடுவார்.]

விபூதியில் காரம், குங்குமத்தில் சுண்ணாம்பு. அந்தக் காலத்துப் பெயின்ட்டுக்கு இரண்டும் ஆகாது. வருஷா வருஷம் அரித்து அரித்து, கோடு பெயின்ட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. இப்போது கழுவினாலும் போகாது. நடுக்கோடு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நூற்பு மெஷினில் சிக்கி ஒடிந்த கரியப்பனின் நடுவிரல் வளைந்துதான் கூடியிருந்தது.

கணவருடைய போட்டோக்கள் பஞ்சவர்ணத்திடம் நிறைய உண்டு. ஆனால் அவர் கை பட்ட அடையாளம் என்று இது ஒன்றுதான் மிச்சம்.

3

விற்பதற்குக் காரணம் இடம். வீட்டைப் பங்காளிகள் கட்டடக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். பஞ்சவர்ணத்துக்கு விஜயநகரில் ஒரு ஃப்ளாட். கார் நிறுத்த இடம் உண்டு, மேலே கூரை கிடையாது. இரண்டு மழைக்காலம் நின்றால் பெயின்ட் பொருக்கு பொருக்காக உதிரும்.

வாங்க வந்தவர் பெங்களூர் மதன். இவரைக் கெட்டவராக்கிவிட்டால் கதை சுலபமாக முடியும் என்று பார்த்தேன். தங்கச் சங்கிலி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிவிட்டு ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். மனிதர் நேரானவர். அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான். கம்பெனி பெயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கே நகம்கூடப் பட விடமாட்டார். வெடிப்பு, கறை, சிராய்ப்பு எல்லாம் அப்படியே இருக்கும். பிற்பாடு அடித்த பெயின்ட் எங்கே இருக்கிறதோ, அதைத் தகரம் தெரியச் சுரண்டி, கம்பெனி அடித்த மாதிரியே புதிதாக அடித்துவிடுவார். எது எது என்று சொல்ல வினிதாவை அனுப்பினார்.

வினிதா காலையில் வந்தாள். மைசூரில் பிறந்து வளர்ந்தவள். ஷெட் கதவைத் திறந்ததும் அந்த மூன்று கோட்டைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் மதனுக்குப் போன் போட்டு, பானெட் கம்பெனி பெயின்ட்தான், நாற்பது வருஷத்துக் குங்குமம் உள்ளே இறங்கியிருக்கிறது, திரும்ப அடித்திருந்தால் இது எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

இந்தத் தவற்றை வேறு ஊர்க்காரர்கள் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அது வெறும் கறை. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். நம் ஊரில் ஆயுத பூஜைக் குங்குமம் என்றால் அது வண்டிக்குப் பிறந்த தேதி மாதிரி. நாற்பது வருஷத்தைப் பார்த்தவள், அதற்கு முந்தின இருபத்தைந்து வருஷத்தை மறந்தாள்.

4

பெயின்ட்டின் கனத்தை அளக்கும் மீட்டர் உள்ளங்கையில் அடங்கும். கம்பெனி பெயின்ட் என்றால் நூறுக்கு முன்னே பின்னே காட்டும். கதவுகளில் வைத்தாள், தொண்ணூறு, நூற்றுப் பத்து. மட்கார்டுகளிலும் அதுவே. டிக்கி மூடியின் ஓரத்தில் பெயின்ட் ஒரு சொட்டு வழிந்து உறைந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அந்தக் காலத்துக் கம்பெனி அவசரத்தில் பூசும், வழியும். பிற்பாடு அடிக்கிற பட்டறைக்காரன்தான் அக்கறையாகத் தேய்த்துச் சரிசெய்வான்.

பஞ்சவர்ணம் பின்னாலேயே வந்தார்.

"என்ன அம்மிணி, காய்ச்சல் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

"அப்படித்தான் ஆன்ட்டி. ஜாஸ்தி காட்டினா உடம்பு சரியில்லன்னு அர்த்தம்."

பானெட்டில் வைத்தாள். முந்நூற்று நாற்பது.

தள்ளி வைத்தாள். முந்நூற்று அறுபது. மூடியைத் தூக்கி, கீல் மடிப்புக்குள் டார்ச் அடித்தாள். உள்ளே இன்னொரு பச்சை, ஒரு நூல் அளவுக்குத் தெரிந்தது. கொஞ்சம் கருத்த பச்சை.

[இந்த இடத்தில் வினிதாவின் நெஞ்சு படபடத்தது என்று எழுதினேன். அவளிடம் கேட்டபோது, இல்லை, பசித்தது என்றாள்.]

"யாரு அடிச்சது அப்ப இத?" என்றார் பஞ்சவர்ணம்.

"அங்கிள் வாங்கறதுக்கு முன்னாடியே யாரோ. முன்னாடி எங்கயோ இடிச்சிருக்காங்க."

"ஹௌதா, அப்படியா?" பஞ்சவர்ணம் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "நாப்பது வருசமா எவனோ பட்டறைக்காரன் பெயின்ட்டுக்கா இந்த மனுசன் விபூதி பூசிட்டு இருந்தாரு? தெரிஞ்சிருந்தா அந்த எஸ்டேட்டுக்காரனச் சும்மா விட்டிருக்க மாட்டாரு."

சிரிப்பு நின்ற பிறகு கேட்டார்: "இத மட்டும் சொரண்டிருவாரா அந்தத் தம்பி?"

வினிதா மீட்டரைப் பைக்குள் போட்டாள். விலையில் குறைவதைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

5

மதனிடமே கேட்டுப் பார்க்கலாமே என்கிறீர்கள். கேட்டாள். இந்தக் கார் என்று சொல்லாமல், பொதுவாக. ஏதோ ஒரு காரில், பிற்பாடு அடித்த பெயின்ட்டின் மேல் குடும்பத்துக்கு வேண்டிய அடையாளம் ஒன்று இருந்தால் விட்டுவைப்பீர்களா என்று. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "எல்லாக் காருக்கும் ஒரு கதை இருக்கு மேடம். கதைக்காக விட்டுட்டே போனா, என் ஷெட்டு முழுக்க ஒட்டுப்போட்ட கார்தான் நிக்கும்."

பானெட்டை மட்டும் கழற்றி அம்மாளிடமே கொடுத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. இரண்டு பக்கமும் லாபம். வினிதாவுக்கும் தோன்றியிருக்கிறது, சொல்லியும் பார்த்திருக்கிறாள்.

"ஒடம்ப அங்க அனுப்பிட்டு மூஞ்சிய நான் செவுத்துல மாட்டிக்கறதா? வேண்டாம் அம்மிணி. அவரு பொட்டு வெச்சது காருக்கு. தகரத்துக்கு இல்ல."

பேரம் படியவில்லை.

பிறகு பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார். "எழுதறத எழுதுங்க. நான் உள்ள போய் காபி வெக்கறேன். நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லில் பெருந்தன்மை எவ்வளவு, கெட்டிக்காரத்தனம் எவ்வளவு என்று நான் பல நாள் பங்கு பிரித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கணக்கு வருகிறது.

6

என்னிடம் இருக்கும் முடிவுகள்:

அ. வினிதா உள்ளதை எழுதுகிறாள். தப்பாகச் சொன்னதற்கு மதனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஒரு மாதம் கழித்து அவர் போட்டோ அனுப்புகிறார். பானெட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதைப் பார்க்கிற பஞ்சவர்ணம்— இல்லை, இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

ஆ. காலையில் போனில் சொன்னதையே எழுதிவிடுகிறாள். கோடு பிழைக்கிறது, காரைத் துடைக்கிறவர்களெல்லாம் அதைச் சுற்றிப் பயபக்தியோடு துடைக்கிறார்கள். ஒருநாள் பழைய கார்க் கண்காட்சியில் யாரோ ஒரு நடுவர் மீட்டரை எடுக்கிறார். அன்றைக்கு வினிதாவின் பெயரும் போகும், கோடும் போகும். [எடுக்காமலும் போகலாம். எல்லாரும் குங்குமத்தைப் பார்த்தால் நம்பிவிடுகிற ஊர்தானே.]

இ. விற்பதே இல்லை. மழை வருகிறது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

வினிதா எதை எழுதினாள் என்று எனக்குத் தெரியும். தோசை முடிந்து, காபி வரும் முன் சொன்னாள். உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அவளைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். ஷெட்டில் இப்போது நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். பேனா மூடி கழற்றியாயிற்று. தாளில் இதுவரை எழுதியது இவ்வளவு:

முன் மட்கார்டு, இரண்டும்: கம்பெனி.

கதவு, இரண்டும்: கம்பெனி. இடது கைப்பிடிக்குக் கீழே மோதிரம் பட்ட தேய்மானம்.

பின் மட்கார்டு, இரண்டும்: கம்பெனி. வலதில் கல் பட்ட சிராய்ப்பு.

டிக்கி மூடி: கம்பெனி.

பானெட்:

மொத்தம்: மேலே ஒரு வரி பாக்கி.