அக்கா மாற்றிய சேனல்

1

இந்தக் கதை கடையில் கிடைத்தது. என் வீட்டில் நெட் இழுத்துக்கொண்டே இருந்ததால் ரூட்டர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம், “இருமல் சத்தத்தக் கெடுக்காத ரூட்டர் இருக்கா?” என்று கேட்டாள். கடைக்காரர் சிரிக்கவில்லை. நான் வந்த வேலையை மறந்துவிட்டேன். மற்றதெல்லாம் கற்பனை. என் வீட்டில் நெட் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எழுத்திலும் அந்த அலுப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘கண்ணுக்குத் தெரியாத அலைகள் அந்த வீட்டில் ஒன்றோடொன்று—’

வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே முழுதாகப் படித்ததில்லை.

இரண்டாவது: ‘சின்னவளுக்கு வேலை போகப்போகிறது.’ பரவாயில்லை, இருக்கட்டும்.

சின்னவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனால் அக்காவோடு ஒரே வீட்டில் இருக்கிறவரை அவள் சின்னவள்தான். மருத்துவர் ஒரு மொழியும் நோயாளி ஒரு மொழியும் பேசும்போது, கணினித் திரையில் நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம், நெட் இருந்தால். ஒரு நாள் “இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது படம் உறைந்துவிட்டது. முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் நோயாளி அங்கே விழித்துக்கொண்டிருந்தார். இப்படிப் பல தடவை ஆன பிறகு மேற்பார்வையாளர் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை அழைப்பில் தானும் இருந்து கேட்கப்போவதாகவும், அன்றும் அறுந்தால் இனி அவளுக்கு அழைப்புகள் வராது என்றும் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் சின்னவள் அதை நம்பினாள்.

3

அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். பேச்சு போய்விட்டது. இருமல் வந்தால் உடனே யாராவது ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைத்துவிடும். அதனால் அவர் தலைமாட்டில் ஒரு பேபி மானிட்டர். கைக்குழந்தை அழுவதை அடுத்த அறையில் கேட்பதற்காக விற்பது. கேட்கும் பாதி அவர் அருகில், பேசும் பாதி அக்காவின் இடுப்பில். வீட்டில் அதற்குப் பெயர் ‘காது’. காது இருப்பதால்தான் அக்கா சமைக்கிறாள், குளிக்கிறாள், மாடியில் துணி காயப்போடுகிறாள்.

(அக்காவை முதலில் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். இரண்டு பத்தி போவதற்குள் எனக்கே பாவமாகிவிட்டது. அழித்துவிட்டேன்.)

4

நெட் கம்பெனிக்குப் புகார் செய்ததில், ஒருவர் போனில் “சேனலை மாத்திப் பாருங்க” என்றார். ரூட்டர் அலை அனுப்பும் தடத்துக்குப் பெயர் சேனல். அக்கம்பக்கத்து ரூட்டர்களும் அதே தடத்தில் நெருக்கியடித்தால் வேறு தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் போனை எடுத்தது அக்கா. அவளுக்குத் தெரிந்த சேனல் டிவியில்தான் வரும். அன்றிலிருந்து நெட் அறுந்தபோதெல்லாம் அத்தான் அறைக்குப் போய், அவர் பாதி பார்த்துக்கொண்டிருந்ததை மாற்றினாள்.

கூத்து என்னவென்றால், நெட் சரியானது.

விஷயம் தெரிந்ததும் சின்னவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

“சிரிக்காதடி. சரியாச்சா, இல்லயா?”

சரியாகிக்கொண்டே இருந்ததால் சின்னவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஒரு நாள் கூடவே போய்ப் பார்த்தாள். அக்கா உள்ளே நுழைந்ததும் முதலில் தலைமாட்டில் இருந்த காதை அணைத்தாள். இரண்டு பாதியும் ஒரே அறையில் இருந்தால் வீல் என்று கத்தும். பிறகுதான் ரிமோட்டை எடுத்தாள், சற்று நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவு நேரமும் நெட் பளிச்சென்று ஓடியது. சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. ரூட்டரோடு மோதிக்கொண்டிருந்தது அக்கம்பக்கம் இல்லை, காது. ரூட்டரின் உண்மையான சேனலையும் மாற்றிப் பார்த்தாள். காது எல்லாத் தடத்திலும் இரைந்தது.

அக்காவிடம் அவள் இதைச் சொல்லவில்லை.*

*சொன்னால் அக்கா காதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க அந்த அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஏற்கெனவே பாதி ஆளாகிவிட்டாள்.

5

கடைக்காரர் சின்னவளுக்குப் பொறுமையாக விளக்கினார். எட்டுக் கொம்பு முளைத்த ரூட்டரெல்லாம் வேண்டாம், இரண்டாவது அலைவரிசை உள்ள சாதாரணமானதே போதும். காது பழையதில் கேட்கட்டும், கணினி புதியதில் ஓடட்டும். ஆனால் புதிய அலை சுவரைத் தாண்டச் சோம்பல்படும், ரூட்டரை மேசைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். எல்லாம் சரி, சரக்கு வியாழக்கிழமைதான் வரும்.

(கம்பி இழுக்கலாமே என்பீர்கள். ஆபீஸ் கொடுத்த கணினியில் கம்பி செருகத் துளை இல்லை. நான் அடைக்கவில்லை, அது வரும்போதே அப்படித்தான்.)

(ஒரே வரியில் ரூட்டரைக் கடை அலமாரியில் வைத்துவிட என்னால் முடியும். முதல் பிரதியில் வைத்தேன். வாங்கினாள், மாட்டினாள், வேலை தப்பியது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது எதுவும் தேவைப்பட்ட நாளில் கடையில் இருந்ததில்லை. பொய்யாக எழுதக் கை வரவில்லை.)

6

செவ்வாய்க்கிழமை. அக்கா சமையலறையில் இருந்தாள். சின்னவள் அத்தான் அறைக்குள் போய் அவர் தலைமாட்டில் குனிந்தாள்.

“அத்தான், என் வேலை முடியற வரைக்கும் இத அணைச்சு வைக்கறேன். அதுவரைக்கும் இருமாம இருங்க. அக்காகிட்ட சொல்லிடாதீங்க.”

பேச்சில்லாதவரிடம் சொல்லாதீங்க என்றதை நினைத்து அவளுக்கே கூசியது. அவர் கண்ணை மூடித் திறந்தார். சரி என்றாரா, வேண்டாம் என்றாரா தெரியவில்லை. அணைத்துவிட்டாள். அணைந்த காதும் தூங்குகிற அத்தானும் அக்காவின் இடுப்பில் ஒரே மாதிரிதான் கேட்கும்.

அறைக்கு வந்து ஹெட்போனை மாட்டினாள். மருத்துவர் வந்தார், நோயாளி வந்தார், மூலையில் மேற்பார்வையாளர் வந்தார். நான்காவது வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனையையும் காதிடம் சொல்லிவிட்டு அல்லவா அணைத்தாள்?

7

முடிவு அ: அக்கா கேட்டுவிட்டாள். ஆவேசமாக வந்து கதவைத் தள்ளி— இல்லை. அக்கா அப்படிப்பட்டவள் இல்லை.

முடிவு ஆ: அக்கா கேட்டுவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பப் பயமாக இருக்கிறது.

முடிவு இ: அக்கா அப்போது தன் பாதியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு மாடிக்குத் துணி—

படம் ஒரு முறைகூட உறையவில்லை. மேற்பார்வையாளர் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா காதை மறுபடி போட்டிருந்தால் திரை இந்நேரம் சிதறியிருக்கும், சிதறவில்லை. அவள் அவர் பக்கத்தில் இருக்கிறாளா, மாடியில் இருக்கிறாளா என்பதை இவ்வளவு தெளிவான திரை சொல்லாது. எழுந்து போனால் வேலை போய்விடும். எத்தனையோ நாள் அறுந்துவிடாதே என்று கெஞ்சியவள், மருத்துவரின் ஒவ்வொரு சொல்லையும் பிசகாமல் மொழிபெயர்த்தபடி, அறுந்து தொலையேன் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

அறுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளை நாற்காலியிலிருந்து எழுப்பவும் துணிவில்லை. அடுத்த வரி உங்களுடையது. யோசித்து நாளைக்கு எழுதலாம் என்று மட்டும் மூடி வைத்துவிடாதீர்கள். அத்தான் மல்லாந்து படுத்திருக்கிறார்.