தொமிகோவின் வலது பூட்ஸ்

தொமிகோவுக்குக் கயிறு இழுக்கப் பிடிக்கும். வேறு எதுவும் பிடிக்காது.

அவள் ஓர் அனிமே தொடரின், அதாவது ஜப்பானியக் கார்ட்டூனின், நாயகி. மலையூர்ப் பள்ளி ஒன்றில் கயிறு இழுக்கும் குழு இருக்கிறது. அதில் அவள் ஒருத்திதான் உறுப்பினர். எதிரில் இழுக்க ஆள் இல்லாததால் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி இழுக்கிறாள். மரம் வருவதில்லை. முதல் எபிசோடிலேயே அவளுடைய மஞ்சள் பூட்ஸில் வலது கால் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. இழுத்து முடித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்கிறாள். முடிப்பதே இல்லை. தொடர் முழுக்க இடது காலில் மட்டும் பூட்ஸ்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் சௌந்தர்யா. ஆம்பூரில் நாங்கள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் அவள் தையல் லைன், நான் சாம்பிள் ரூம். கம்பெனி வேனில் நான் சத்துவாச்சாரியில் ஏறுவேன், அவள் விரிஞ்சிபுரத்தில். ஒரு நாள் வேனில் என் ஆசையை அவளிடம் சொன்னேன். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் தொமிகோ மரத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆல்வின், உனக்கு இன்னா பிடிக்கும்?"

"எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்."

"அப்ப நானும் கொஞ்சந்தானா?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஆம்பூர் வரை யோசித்தேன். வேன் கேட்டுக்குள் போனதும் அவளே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம வேலூர் காலேஜ்ல வேஷப் போட்டி. வெளியாளும் சேரலாம். நான் தொமிகோவா போறேன். ஒரே ஒரு பூட்ஸ்தான் வேணும்."

சாம்பிள் ரூமில் வேலை பார்க்கும் ஒருவனிடம் இதைவிடச் சுலபமான எதையும் யாரும் கேட்க முடியாது. வாங்குபவருக்குக் காட்டும் மாதிரிக்கு நாங்கள் ஒரு காலுக்குத்தான் ஷூ செய்வோம். ஆர்டர் வராத ஷூவுக்கு எதற்கு இரண்டு கால்? எங்கள் மேஸ்திரி தனகோடி முப்பது வருடமாக ஒற்றை ஷூக்களாகவே செய்துவருகிறார்.

கழிவு மூட்டையில் மஞ்சள் தோல் கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள்ளச் சொன்னார் தனகோடி. மாதிரிக்குப் படம் வேண்டுமே என்று போனில் தொமிகோவை ஓடவிட்டேன். மறுநாள் மொத்த ரூமும் சாப்பாட்டுத் தட்டோடு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"மரம் வராதுன்னு தெரியாதா அந்தப் பொண்ணுக்கு?" என்றேன்.

"தெரியும்டா," என்றார் தனகோடி. "வராத மரத்தத்தான் நாளைக்கும் இழுக்கலாம். ஆனா பிடி தப்பு. கை ரெண்டும் சேந்தாப்ல இருக்கணும்."

ஆளுக்கொரு வேலையை எடுத்துச் செய்ததில் சனிக்கிழமை மாலை பூட்ஸ் தயார். அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபோது தனகோடியே அதைத் தடவிப் பார்த்தார்.

ஞாயிறு காலை காலேஜ் கேட்டில் சௌந்தர்யா பெட்டியைத் திறந்தாள். தோளில் கயிறு. ஏற்கெனவே வெறுங்கால். பூட்ஸை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆல்வின், இது வலது கால்."

ஆமாம். எங்கள் சாம்பிள் எல்லாமே வலது கால்தான். வெட்டியவர், தைத்தவர், இழுத்து ஒட்டியவர் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஷூ என்றாலே அவர்கள் கைக்கு அது வலது காலுக்கானதுதான்.

"அவ சேத்துல வுட்டாளே, அந்த பூட்ஸ செஞ்சிருக்க நீ."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து, வலது பூட்ஸுக்குள் இடது காலைத் திணித்தாள். அது போகவில்லை. மறுபடி திணித்தாள். போனது. உள்ளே விரல்கள் எப்படி மடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் தொழில் அது. அவள் நொண்டாமல் நடந்து போய், மேடைக்குப் பக்கத்திலிருந்த வேப்ப மரத்தில் கயிற்றைக் கட்டி இழுக்க ஆரம்பித்தாள்.

வாட்ச்மேன் ராமமூர்த்தி வந்தார்.

"இன்னாம்மா, மரத்த எங்க எடுத்துனு போற?"

"எங்கயும் இல்லண்ணா."

"அப்ப சரி, இழு," என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

மேடையில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "இழுத்துட்டு வர்றேன்," என்றாள். பரிசு, அட்டை இறக்கை கட்டிய ஒரு பையனுக்குப் போனது. அவனும் வந்து சற்று நேரம் வேடிக்கை பார்த்தான்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. கால் வீங்கியிருக்கிறதாம்.

நான் இடது கால் செய்யப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, தோலை மேலே போர்த்தி இழுக்கும் பாத அச்சு அந்த அளவில் வலது மட்டுமே சாம்பிள் ரூமில் இருந்தது. அதன் இடது ஜோடி குடோனில் பழைய அச்சு மூட்டைகளுக்குள் எங்கோ கிடக்கிறது. மூட்டை கூரை வரை.

"எடது மட்டும் கேட்டு யாரும் வந்ததில்ல," என்றார் ஸ்டோர்கீப்பர் இருதயராஜ். "வேலைக்குப் போ. பேஜார் பண்ணாத."

போகவில்லை. சாப்பாட்டு நேரமெல்லாம் குடோனிலேயே கழிந்தது. எத்தனையோ இடது பாதங்களைப் பார்த்தேன். குழந்தைப் பாதம், ராணுவப் பாதம், கூர்மூக்குப் பாதம். இரவு கண்ணை மூடினால் இடது பாதங்கள். தனகோடி சாம்பிள் ரூம் வாசலில் நின்று மற்றவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் குடோன் வாசலில் சௌந்தர்யா, கையில் டிபன் பாக்ஸ்.

"உனக்குப் பைத்தியம்னு லைன்ல சொல்றாங்க."

"இன்னும் கெடைக்கல," என்றேன், திரும்பாமல். அடியிலிருந்த மூட்டை ஒன்று பாக்கி. அதன் கழுத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மேலே இருபது மூட்டை. அது அசையவில்லை. மறுபடி இழுத்தேன்.

பின்னால் டிபன் பாக்ஸ் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம்.

"பிடி தப்பு," என்று சொல்லி, எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தாள்.