எட்டு மணிக்கே

ஈரத்துணியால் கணவரின் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். கொத்தனார் கை, நகக்கண்ணில் துளி சிமெண்டு இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பத்து மணிக்கு எடுக்கலாம்மா. சொந்தக்காரங்க வந்து சேரணும்ல," என்றார் அவள் அண்ணன்.

"வேண்டாண்ணே. எட்டு மணிக்கே எடுத்துடுங்க."

"அப்படி என்ன அவசரம்?"

அவள் மறுகையைத் துடைக்க எடுத்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வேலை செய்த இடத்தில் கிடந்த ஒரு முழத் துண்டுக் கம்பியை, ஜன்னல் கொக்கிக்கு ஆகுமே என்று எடுத்துவந்தார் மனுஷன். திருட்டு வழக்கு. ஜாமீன் கிடைத்தது, ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். வழக்கோ வாய்தா மேல் வாய்தா. உலகத்தில் கட்டட வேலையெல்லாம் எட்டு மணிக்கல்லவா தொடங்குகிறது! "பத்தரைக்கு வர்ற கொத்தனாருக்கு எந்தச் சுவர்யா காத்துக்கிட்டு நிக்கும்?" என்று கேட்டுவிட்டார் மேஸ்திரி. அவரும் பொல்லாதவரில்லை. இவள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் அடுப்பு எரிந்தது.

கொத்தனார் நெஞ்சுச் சளி முற்றிப் படுத்தபிறகு, கையெழுத்துப் பதிவேட்டை ஸ்டேஷன் ஏட்டே வீட்டுக்குக் கொண்டுவந்தார். போன வியாழக்கிழமை வந்தவர் அதைத் திறக்கவே இல்லை.

"சட்டத்தை மாத்திட்டாங்க கொத்தனாரே. சின்னக் கேஸுக்கு இனிமே தினமும் கையெழுத்து கிடையாது. கூலிக்காரன் பொழப்பு கெடுதுன்னு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிருக்கு."

கொத்தனார் குழந்தை மாதிரிச் சிரித்தார். பூச்சுக் கரண்டிக்கு எண்ணெய் போடச் சொன்னார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கே கெளம்பிடுவேன், பாரு."

"சரி, சோறு கட்டித் தர்றேன்," என்றாள் அவள். அவர் எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது.

ஞாயிறு சாயங்காலம் போய்விட்டார்.

"எட்டு மணிக்குப் போகணும்னு அவரே சொல்லியிருந்தார்ணே," என்றாள் கடைசியில்.

அண்ணன் ஆட்களிடம் எட்டு மணி என்று சொல்லப் போனார்.

மேஸ்திரி வேலைக்கு விடுமுறை விட்டு வந்திருந்தார். பக்கத்தில் ஏட்டு, சாதாரணச் சட்டையில், வெறுங்கையோடு. இருவரும் முன்னால் தோள் கொடுத்தார்கள். வாசலில் நின்று பார்த்தாள் அவள். தெருமுனையில் தூக்குவாளியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

எட்டாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.