வெளிர்நீலக் கதவு

சனிக்கிழமை மாலை 4.50-லிருந்து திங்கள் காலை 8.30 வரை முப்பத்தொன்பது மணி நேரம் நாற்பது நிமிடம். கம்பெனிக் கழிவறையிலிருந்து வெளியே வந்து, மறுபடி அதே கழிவறைக்குள் போகும்வரை என் வயிறு தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் அது. மற்ற நாட்களில் பதினைந்து மணி நேரம் நாற்பது நிமிடம்தான்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். ஒரகடம் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். உத்திரமேரூரிலிருந்து கம்பெனி பஸ். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் வயிறு முறுக்கத் தொடங்கும். இரண்டு முறை பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இரண்டாவது முறை டிரைவர் சத்தமாகவே கேட்டார்: "இந்தப் பொண்ணுக்குன்னே தனியா ஒரு ஸ்டாப்பிங் போட்டுடலாமா?" பஸ் முழுக்கச் சிரித்தது. அதற்கப்புறம் வயிறு சரியில்லாத நாட்களில் லீவு போட்டேன். மூன்று ஆகிவிட்டது. இன்னொன்று போட்டால் பயிற்சியோடு நிறுத்திவிடுவதாக எச்.ஆர். சொல்லிவிட்டார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தத்திலும் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் ஐ.பி.எஸ்., குடல் எரிச்சல் நோய் என்று எழுதி, பதற்றப்படக் கூடாது என்றார். அம்மா குடலேற்றம் என்றாள். விளக்கெண்ணெய் தடவி உருவிவிட ஆள் கூட்டிவந்தாள். இரண்டு நாள் என்னால் நிமிர முடியவில்லை.

அப்பாதான் ஷாஹீதா மேடத்தைக் கண்டுபிடித்தார். வாலாஜாபாத்தில் அவர்கள் குடும்பத்துப் பாத்திரக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறார். பிசியோதெரபி படித்துவிட்டு ஆஸ்டியோபதி கற்றவர். மாத்திரை, ஊசி கிடையாது. கைதான். விலா எலும்புக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, நான் மூச்சு விடக் காத்திருப்பார். மூச்சு இறங்கும்போது கையும் கூடவே இறங்கும். இதனால் நோய் போய்விடாது, இறுக்கம் கொஞ்சம் தளரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் செவ்வாய்க்கிழமை வரை.

அந்த முதல் நாளில் வீட்டில் கழிவறை உண்டா என்றும் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"கீது மேடம். டைல்ஸ் போட்டது."

நானும் தலையாட்டினேன். பொய் இல்லை. வெளிர்நீலக் கதவு, உள்ளே வெள்ளை டைல்ஸ். கதவுக்கு முன்னால் அப்பா நிற்கும் போட்டோ பஞ்சாயத்து ஆபீசில் இருக்கிறது.

தாத்தா ஊர் வீடுகளில் கழிவுக்குழி எடுத்தவர். கல்யாண வீட்டில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அப்பா மண் சுமந்தார், கல் சுமந்தார், அந்த வேலைக்கு மட்டும் போகவில்லை. என்னைப் படிக்கவைத்தார். இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எனக்காக டிவிஎஸ்ஸை எடுக்கிறார். பள்ளம் வந்தால் கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தொட்டு எச்சரிக்கிறார். இப்படிப்பட்டவர் மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. தெரியாததாலேயே கோபம் கூடுகிறது.

இது ஆறாவது ஞாயிறு. இடப்பக்க அடிவயிற்றில் கைவைத்த மேடம் அப்படியே நிறுத்திவிட்டார். கல் மாதிரி இருக்கிறது என்றார். அப்பா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா எப்போம்மா போன?"

"காலையில போச்சி மேடம்," என்றார் அப்பா.

"உங்களுக்கு வயித்து வலின்னா நீங்க சொல்லுங்க அய்யா. இது இவ வயிறு."

அப்பா குனிந்துகொண்டார். மேடம் என்னிடம் திரும்பினார். விஷயம் தெரியாமல் கைவைத்துக்கொண்டே இருந்தால் உனக்கும் பேஜார், எனக்கும் பேஜார், அடுத்த வாரம் வர வேண்டாம் என்றார்.

மணி பன்னிரண்டரை. திங்கள் 8.30-க்கு இன்னும் இருபது மணி நேரம் இருந்தது. அப்பா வேட்டிக்கு மேலாக இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது அவர் பழக்கம்.

"நேத்து சாயங்காலம் மேடம். கம்பெனில," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"வூட்ல?"

"பாப்பா," என்றார் அப்பா, மெதுவாக.

"அம்மா ஏரிக்கரைக்குப் போவுது. அங்க மனை போட்டு லைட் வெச்சப்புறம் நான் போறதில்ல. வூட்டு கக்கூஸ்ல இதுவரிக்கும் ஒருத்தரும் போனதில்ல மேடம். குழி ரொம்பினா யாராச்சும் எறங்கி எடுக்கணும்னு, கட்டன அன்னிக்கே அப்பா பூட்டிட்டாரு. சாவி அவர் இடுப்புல கீது."