ஜீப் மேல் மெத்தை

பெருமாள்மலையில் ஒரு வாரமாக வெயில் தலைகாட்டவில்லை. மகள் ஆக்ஸிலியாவோ மெத்தையை நனைப்பதற்கு ஒரு ராத்திரிகூட லீவு போடவில்லை. நனைந்த மெத்தையைக் காயவைக்க வழியில்லாமல் செல்வின் அதைத் தன் ஜீப்பின் மேல் கட்டினார். வண்டி தினமும் வத்தலக்குண்டுக்கு இறங்குகிறது, அங்கே வெயிலுக்கா பஞ்சம்!

"ஏழு வயசுல நெறயப் பிள்ளைகளுக்கு இருக்கிறதுதான். படுக்கப் போறப்ப பாத்ரூம் போகச் சொல்லுங்க, திட்டாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆக்ஸிலியா நம்பவில்லை. உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரிந்தாள்.

ஜங்ஷனில் டீக்கடை உபகாரம் மறித்தார். "ஏலே, மேல என்ன மெத்தை?"

"டூரிஸ்ட்காரங்களோடது" என்று புளுகினார் செல்வின்.

"எந்த டூரிஸ்ட்டுலே முயல்குட்டி படம் போட்ட மெத்தையில படுக்கான்?"

செல்வினின் முகம் சுண்டிப்போனது. உபகாரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார். "எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு. சின்னவன் சோலி. அதையும் வெரசா மேல கட்டுலே, யாரும் பாக்கதுக்குள்ள."

உபகாரத்துக்குத் தெரிந்தால் ஜங்ஷனுக்கே தெரிந்த மாதிரி. மறுநாள் பள்ளிக்குக் கிளம்பிய ஆக்ஸிலியா ஜீப்பை அண்ணாந்து பார்த்தாள். பேக்கரிக்காரர் வீட்டு மெத்தை, மெக்கானிக் வீட்டு மெத்தை என்று மேலே அடுக்கடுக்காக இருந்தது.

அவளுக்கு வாயெல்லாம் பல். "டாக்டரம்மா பொய் சொல்லலப்பா!"