காலடியில் விழுந்த சென்டென்ஸ்

1911 தை மாதம், திருநெல்வேலிச் சீமையின் ஒரு கோர்ட்டில் வெள்ளைக்காரத் துரை சொன்ன சொல் அவர் வாயிலிருந்து மேஜைமேல் விழுந்து, உருண்டு, கைதி சுடலையாண்டியின் காலடியில் போய் நின்றது. ‘சென்டென்ஸ்’ என்பது அந்தச் சொல். அம்மிக்குழவி அளவு, இரும்பு நிறம். சுடலையாண்டி அம்பாசமுத்திரத்துப் பக்கம் குளத்து மடை காப்பவன். ஐப்பசி மழையில் மடை உடைந்து, இசக்கித்தாயின் புருஷனை வெள்ளம் கொண்டுபோனது. உடைத்தவன் சுடலையாண்டியே என்று வழக்கு. நேரில் பார்த்தவள் இசக்கித்தாய் ஒருத்திதான். அவள் தமிழில் சொன்னதைக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் சுவிசேஷமுத்து இங்கிலீஷாக்கினார். அதை நம்பித் துரை ஆயுளுக்கும் அந்தமான் தீவாந்தரம் விதிக்க வாயெடுத்தபோதுதான் சொல் விழுந்தது.

அதைத் தூக்கக் குனிந்த சேவகன் தொட்டதுமே உட்கார்ந்து, கப்பலின் அடித்தட்டில் கிடப்பவனைப் போல வாந்தியெடுத்தான். அடுத்தவன் தனக்கில்லாத இரண்டு பெண்பிள்ளைகளைப் பேர் சொல்லி அழுதான். அவர்கள் சுடலையாண்டியின் பிள்ளைகள். துரை வெளிறிப்போய் அகராதியைக் கொண்டுவரச் சொன்னார். சுவிசேஷமுத்து வாசித்தார்: வாக்கியம் என்று ஒரு பொருள், தண்டனைத் தீர்ப்பு என்று இன்னொன்று, இரண்டுக்கும் மூலமான லத்தீனில் ‘உணர்தல்’. வாசித்துவிட்டு அவரும் தொட்டார். இசக்கித்தாயின் குரல் உள்ளங்கை வழியே ஏறியது: “சுடலையாண்டி அண்ணந்தான் மடைய அடைச்சாக.”

சாட்சியின்போது அவர் காதில் விழுந்தது ‘உடைச்சாக’. கூட்டம் இரைந்துகொண்டிருந்தது, மறுபடி கேட்கச் சோம்பிவிட்டார். இசக்கித்தாயோ தன் சாட்சியால் சுடலையாண்டி அண்ணன் தப்பிவிட்டார் என்று நம்பி, அவரோடு சேர்ந்து ஊர் திரும்ப வெளியே காத்திருந்தாள்.

சுவிசேஷமுத்து துரையிடம் எப்படியோ சொல்லி முடித்துவிட்டு, சுடலையாண்டியின் பக்கம் திரும்பினார். “அந்தப் பொம்பள சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் ஒரு எழுத்த மாத்திட்டேன்.”

சுடலையாண்டி அவரைப் பார்த்து, “ஒரு எழுத்தா, அய்யா?” என்றான்.

தீர்ப்பில் இன்னும் கையெழுத்து விழவில்லை. துரை இசக்கித்தாயை மறுபடி கூப்பிட்டு, வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரித்து, அன்று சாயங்காலமே அவனை விடுவித்தார். இருவரும் ஒரே வண்டியில் ஊர் போனார்கள். சுவிசேஷமுத்து மறுநாள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நாசரேத்துப் பக்கம் போய்ப் பனங்காடு பார்த்துக்கொண்டார். யாராவது பேசினால் இரண்டு தரம் கேட்டுக்கொள்வார் என்பார்கள்.

அந்தச் சொல்லை நகர்த்த ஒருவராலும் முடியவில்லை. தரை பூச வந்த கொத்தர்கள் அதைச் சுற்றியே பூசிவிட்டுப் போனார்கள். 1914-ல் மாற்றலாகி வந்த துரை, தீர்ப்புச் சொல்லும் நாட்களில் கீழே இறங்கி அதன்மேல் கை வைத்துவிட்டுத்தான் ஏறுவார். உடம்பு வியர்த்துவிடும். சேவகன் துண்டை எடுத்து நீட்டுவான்.