பெயின்ட் ஒட்டாத ஐந்து இடங்கள்

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது தேய்க்க வேண்டும். பாத்திரம், பாத்ரூம் தரை, ஏதோ ஒன்று. அந்தச் சனிக்கிழமை கையில் சிக்கியது காரின் உள்பக்கப் பிளாஸ்டிக்.

கோபம் பேங்க் மேல். என் வீட்டுக்காரர் கோகுல்நாத்தை ஆகுர்டி கிளையிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் கோர்படிக்கு மாற்றிவிட்டார்கள். திங்கள் முதல் அங்கே. அதனால் உனக்கென்ன என்று கேட்பீர்கள். ஒன்பது மாதமாக நான் ஹிஞ்சவாடி ஆபீசுக்குக் காரோட்டிப் போகிறேன் என்றால், இவர் இடப்பக்கம் உட்கார்ந்து வருவதால்தான். என் ஆபீஸ் வாசலில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போய்த் தன் பேங்க்கைத் திறப்பார். கோர்படி எங்கே, ஹிஞ்சவாடி எங்கே! இனி நான் தனியாகத்தான் ஓட்ட வேண்டும்.

என் லட்சணம் எனக்குத் தெரியும். யாராவது முகம் சுளித்தால் போதும், அந்த வேலையை அத்தோடு தலைமுழுகிவிடுவேன். மராத்தி வகுப்பு அப்படித்தான் போயிற்று. நீச்சலும் அப்படியே. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டார் என்று எட்டு மாதம் சாவியையே தொடவில்லை. இவர் ஒருத்தர்தான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். எப்படி ஓட்டினேன் என்று கேட்டால், நல்லா ஓட்டற, நான் தூங்கியே போயிட்டேன் என்பார். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் நான் வண்டியே எடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இடப்பக்க சீட்டுக்கு முன்னால், டாஷ்போர்டில் முக்கால் சாண் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும். வெள்ளி நிறம் வெயிலில் மங்கிக் கிடந்தது. தோசைத் திருப்பியில் துணி சுற்றி, மெல்ல நெம்பிக் கழற்றினேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, அது காய்ந்ததும் ஸ்பிரே டப்பாவைக் குலுக்கிக் கறுப்பு அடித்தேன். பார்க்கிங்கில் பழைய செய்தித்தாள் விரித்து அதன்மேல்தான் எல்லாம்.

முதலில் அழகாகத்தான் விழுந்தது. அடுத்த நிமிடமே அங்கங்கே பெயின்ட் விலகி, சின்னச் சின்னக் குழியாகத் திறந்துகொண்டது. சனியன், காலாவதியான டப்பாவைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டினேன். தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் குழி. அதே இடத்தில், அதே ஐந்து.

டப்பா கெட்டதாக இருந்தால் கண்ட இடத்தில் அல்லவா குழி விழ வேண்டும்? கோபம் போய் எனக்குள் ஒரு குறுகுறுப்பு வந்தது. பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் கசார்வாடிக்குப் போனேன். டப்பா வாங்கியது பக்தவத்சலம் கடையில்தான். முப்பது வருஷமாக அங்கே கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலூர்க்காரர் அவர். சண்டை போடுகிற தயாரிப்போடு போனவளிடம் பட்டையை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"எண்ணெய்ம்மா இது. பக்கா எண்ணெய். எவனோ தினம் இங்க கை வச்சிருக்கான். சோப்புக்கெல்லாம் போகாது."

ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு அடித்தால் சரியாகும் என்று ஒரு சின்ன பாட்டிலையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஆனால் எனக்கு இப்போது பெயின்ட் முக்கியமில்லை. தினம் கை வைத்தது யார்?

ஞாயிறு காலை காய்ந்த பட்டையை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு குழி வளைவாக மேலே. ஒன்று மட்டும் தள்ளி, கீழே இடப்பக்கம். வலது கையை விரித்து வைத்தேன். கட்டைவிரல் பொருந்தியது, மற்றது எட்டவில்லை. என்னைவிடப் பெரிய கை. யோசிக்க ஒன்றுமில்லை. இந்த வண்டியில் அந்த சீட்டில் தினமும் உட்காருகிறவர் ஒருத்தர்தான், அவர் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காமல் வாசற்படி தாண்ட மாட்டார்.

கீழே கூப்பிட்டேன். தலைவாரி, பளபளவென்று வந்தார். உட்காரச் சொல்லி, அங்கே கை வையுங்கள் என்றேன். எதுக்கு என்று கேட்டுக்கொண்டே வைத்தார். ஐந்து விரலும் ஐந்து குழியில் போய் உட்கார்ந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது. சூடு பட்டதுபோலக் கையை எடுத்துவிட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓட்டும்போது சைடு கண்ணாடியையே நான் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. இவர் கையை எங்கே பார்த்தேன்? ஒன்பது மாதம் தூங்கினேன் தூங்கினேன் என்று சொன்ன மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அவ்ளோ பயமா இருந்துச்சுன்னா ஏனுங்க சொல்லல?"

அவர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா நீ சாவிய வெச்சுட்டுப் போயிருவ, பிரியா."

அது நிஜம்தான். இப்போதும் பயமா என்று கேட்டேன். முன்ன மாதிரி இல்லை, அந்த பூம்கர் சவுக் நாற்சந்தியில் மட்டும்தான் என்றார். அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சவுக்கில் எனக்கும் பயம்தான்.

ஸ்பிரிட் பாட்டிலை நான் திறக்கவேயில்லை. பட்டை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை எட்டரைக்குக் கிளம்பினேன். பூம்கர் சவுக்கில் ஒரு டெம்போ குறுக்கே வந்து நின்றது. பிரேக்கை மிதித்துவிட்டு, முதல் தடவையாக இடப்பக்கம் பார்த்தேன். சீட் காலி. முன்னால் ஐந்து குழி. டெம்போ போகிற வரைக்கும் நின்று, கியர் போட்டு, போனேன். பின்னால் எவனோ ஹாரன் அடித்தான்; அடிக்கட்டும்.

ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு அவருக்குப் போன் போட்டேன். ஒரு மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார். வந்து சேர்ந்துட்டேன் என்றேன். தூங்கினீங்களா என்று கேட்டேன்.

"எங்க தூங்க? நீ கிளம்புனதுலருந்து இதைக் கையிலயே வெச்சிருக்கேன். போன் பூரா எண்ணெய்."